பச்சைக் கொப்பு வந்தால் நிறுத்து

என் அப்பா பிச்சைமணி ஒரு பயந்தாங்கொள்ளி. பெற்ற மகள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள் அவரோடு ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருக்கிற சிலமலையில் பிறந்து வளர்ந்தும் கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். மாட்டுவண்டியில் போனால் வழிநெடுக இறங்கி இறங்கிக் கடையாணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். கதவைத் தாழ்போட்டு மூன்று முறை இழுத்துப் பார்த்த பிறகும் தூக்கம் வராமல் அம்மாவை எழுப்பி, "நீ ஒருக்க இழுத்துப் பாரு" என்பார். அம்மா இழுத்துப் பார்த்துவிட்டு, "கதவுக்குத் தாழ்ப்பா இருக்கு, உங்க நெஞ்சுக்குத்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட மனிதர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் போய்ச் சேர்ந்த வேலை, போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ரோப் ஸ்டேஷன் வேலை. மலைமேல் இருந்த ஏலக்காய்த் தோட்டத்துக்காரர்கள் மூட்டை இறக்கப் போட்ட இரும்புக் கயிறுதான் ரோப். மேலே ஒரு பெரிய சக்கரம், கீழே ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் ஒரே கயிறு. அதற்குத் தலையும் கிடையாது வாலும் கிடையாது. கயிற்றில் இரும்புத் தொட்டிகள் தொங்கும். ஏல மூட்டையோடு இறங்கி வரும் தொட்டி, கீழே காலியாகி, அந்தப் பக்கம் அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மேலே போகும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தொட்டி. மேலேயிருந்து கீழே வர அரை மணி நேரம்.

வரும் தொட்டியை மேடையில் பிடிக்க வேண்டும், மூட்டையை இறக்க வேண்டும், கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு அடுத்த தொட்டி. மறுபடியும் பிடி, இறக்கு, கோடு போடு. நாள் முழுக்க அப்பாவுக்கு இதுதான் சோலி. கடைசித் தொட்டி வந்ததும் எஞ்சின்காரரைப் பார்த்து "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். கடைசி எது என்று கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? மேல் ஸ்டேஷன்காரர் பக்கத்து மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக் கடைசித் தொட்டியில் கட்டி அனுப்புவார். கொப்பு வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வெறும் தொட்டி. நிறுத்திவிடலாம்.

இதையே நான் பிற்பாடு வேறு பெயரில் படித்தேன். எழுபத்தெட்டில் சென்னையில் பரீட்சை முடிவுகள் அச்சடிக்கும் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தது. முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது லூப். ஒரு கட்டு அட்டை இருக்கும், ஒரு அட்டைக்கு ஒரு பிள்ளை. ஓர் அட்டையை எடு, மார்க்கைக் கூட்டு, அச்சடி, அடுத்ததை எடு. இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இரு. எங்கே நிற்பது? கட்டின் கடைசியில் 9999 என்று எண் போட்ட ஓர் அட்டையை வைத்துவிடுவோம், அது வந்தால் நின்றுவிடு. மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு நோட்டில் எழுதினார்கள். நான் கையைத் தூக்கினேன். "நெசமாவே 9999 நம்பர்ல ஒரு பிள்ளை பரீட்சை எழுதியிருந்தா என்ன சார் ஆகும்?" என்று கேட்டேன். "அவ்வளவு பேர் நம்மகிட்ட எழுதறதில்லேம்மா" என்று சொல்லிப் பாடம் நடத்தியவர் சிரித்தார். மூன்றாவது வருஷம் அந்த நம்பர் பிள்ளை வந்தது. மற்றவர்கள் எழுதிய புரோகிராம்கள் அதோடு நின்றுவிட்டன, அதற்குப் பின்னால் இருந்த நானூறு பிள்ளைகளுக்கு ரிசல்ட்டே வரவில்லை. என் புரோகிராம் நிற்கவில்லை. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. பொய்யான ஒரு கடைசிக்குப் பின்னால் விடுபட்டுப்போனவள் என் அம்மா செல்லக்கிளி, அவள் வயிற்றில் நான்.

நடந்தது ஐம்பத்தைந்து ஐப்பசியில். அதற்கு முன்னால் அதே வருஷம் தை மாதத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

மேல் ஸ்டேஷனில் இருந்தவர் என் தாய்மாமன் மொக்கச்சாமி, அம்மாவின் அண்ணன். கொப்பைக் கட்டி அனுப்பி, அது கீழே போய்ச் சேர்ந்து சக்கரம் நின்றதும், அந்தச் சக்கரத்தின் பள்ளத்துக்குள் கையை விட்டுப் பழைய கிரீஸை வழித்தெடுத்துப் புதுக் கிரீஸ் பூசுவார். கொப்பு வந்து நிறுத்திய பிறகு மறுபடி எஞ்சினை ஓட்டக் கூடாது என்று சட்டம் இருந்தது அதனால்தான். தை மாதம் ஒரு சாயங்காலம் கடைசித் தொட்டி மேடைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டது. கைக்கு எட்டவில்லை. அப்பா எஞ்சின்காரரிடம், "ஒரு எட்டு மட்டும் ஓட்டுங்கண்ணே" என்றார். ஒரே ஓர் எட்டுத்தான் ஓடியது. மேலே மாமாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. "மிச்சம் எட்டு இருக்குல்ல மாப்ளே, விடுங்க" என்றார். திட்டித் தீர்த்திருந்தால் அப்பா இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பார். அந்தப் பெருந்தன்மைதான் அவரைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு "நிறுத்து" என்று சொன்ன கையோடு மேடையை விட்டு இறங்கி எஞ்சினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வாராம். வாய் தவறிக்கூட "ஓட்டு" என்ற சொல் வந்துவிடக் கூடாது என்று.

மேலுக்கும் கீழுக்கும் சேதி சொல்ல ஒரு கம்பி மணி இருந்தது. ஆடி மாத இடியில் கம்பி அறுந்துபோனது. ஆள் வரும், ஆள் வரும் என்றார்கள். ஐப்பசி வரைக்கும் எந்த ஆளும் வரவில்லை. கொப்பு ஒன்றை நம்பித்தான் ரோப் ஓடியது.

ஏலப் பழமெடுப்புக்குப் பெண்கள் ஆவணியில் மலையேறி லயத்தில் தங்கிவிடுவார்கள். தோட்டத்து வீட்டு வரிசைக்கு அங்கே லயம் என்று பெயர். அம்மாவும் போயிருந்தாள். அப்போது நான் ஐந்து மாதம். அப்பா வேண்டாம் என்று ஒரு வாரம் தொண்டை வற்றச் சொல்லியும் கேட்கவில்லை. "உங்க கூட இருந்தா நீங்க பயப்படுறதப் பாத்தே எனக்குப் பேறுகாலம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. ஓடை பெருகி நடைபாதைப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே இருப்பவர்கள் கீழே வர முடியாது, கீழே இருப்பவர்கள் மேலே போக முடியாது. நாலாவது நாள் மழை விட்டு மூடுபனி இறங்கியது. அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், அன்று காலையிலிருந்து இடுப்புவலியும் சேர்ந்துகொண்டது. ஏழாம் மாதத்தில் இடுப்புவலி என்றால் என்ன அர்த்தம் என்று லயத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பிள்ளைப்பேறு பார்க்கிற சுருளியம்மாள், அம்மாவுக்கு அத்தைமுறை, மாமாவிடம் வந்து, "இது எங்கையில நிக்காதுப்பு. வெரசா போடி ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றாள். தொட்டியில் ஆள் ஏறக் கூடாது. ஏறினால் ஏற்றியவனுக்கு வேலை போகும். மாமா யோசிக்கவே இல்லை. சாக்குகளை அடுக்கி மெத்தையாக்கித் தங்கச்சியைத் தொட்டியில் வைத்துக் கட்டி அனுப்பலாம் என்று முடிவு பண்ணிவிட்டார்.

இங்கேதான் அம்மா வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. அவர்கள் வகையறாவில் சூலிப்பெண் ஆற்றையோ ஓடையையோ பள்ளத்தையோ தாண்டும்போது அவளுக்கு முன்னால் பச்சை போக வேண்டும். ஒரு கொப்பை மஞ்சள் கயிற்றால் கட்டி ஒருவர் முன்னால் பிடித்துக்கொண்டு போனால் காத்து கருப்பு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அம்மா மூன்று மாதமாக இருந்தபோது வாய்க்காலைத் தாண்ட அந்தக் கொப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவர் அப்பாதான். காத்து கருப்பு தன்னைப் பார்த்து ஒதுங்குமா, தன்மேலேயே ஏறிக்கொள்ளுமா என்ற கவலையில் நடுவாய்க்காலில் நின்றுவிட்டாராம்.

அந்தரத்தில் தொங்குகிற தொட்டிக்கு முன்னால் யார் கொப்பைப் பிடித்துக்கொண்டு போவது? சுருளியம்மாள் யோசித்தாள். மாமா குனிந்து சாக்கு அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், முன்னால் கிளம்பப் போகிற மூட்டைத் தொட்டியில் ஒரு கொப்பை மஞ்சள் கயிற்றால் கட்டிவிட்டாள். ரோப்காரர்களின் சட்டம் அவளுக்கு எங்கே தெரியும்? அந்தத் தொட்டி மூடுபனிக்குள் போய் மறைந்தது. மாமா அதைப் பார்க்கவில்லை.

அடுத்த தொட்டியில் அம்மா ஏறியிருக்க வேண்டும். ஏறிக் கீழே பார்த்தாள், அலறிக்கொண்டு இறங்கிவிட்டாள். ரோப் யாருக்காகவும் காத்திருக்காது. அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் மூன்று தொட்டி மூட்டையோடு போய்விட்டது. நாலாவதில்தான் ஏற்றினார்கள். ஆக, கொப்பு போன தொட்டி பதினெட்டாவது. அம்மா இருந்தது இருபத்திரண்டாவது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

கீழே மணி நாலேகால். பனிக்குள்ளிருந்து பதினெட்டாவது தொட்டி கொப்போடு வந்தது. மழையால் அன்று மத்தியானத்துக்கு மேல்தான் ரோப் ஓடத் தொடங்கியது; முதல் தொட்டியில் வந்த சீட்டில் 'இன்று 26 தொட்டி' என்று மாமா எழுதியிருந்தார். ஆனால் அந்த வாரம் மழையில் சீட்டு ஒன்று சொல்லும், வருவது ஒன்றாக இருக்கும். முந்தாநாள் இருபது என்று எழுதிப் பதினைந்தோடு கொப்பு வந்துவிட்டது. அப்பா கொப்பைப் பார்த்தார். "நிறுத்துங்கண்ணே!" என்று கத்தினார். எஞ்சின் நின்றது. வழக்கம்போல மேடையை விட்டு இறங்கி முதுகைக் காட்டி நின்றார். எஞ்சின்காரர் கண்ணுச்சாமி கையில் இருந்த எண்ணெயை மண்ணில் துடைத்துக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா மூட்டையை இறக்கினார், பதினெட்டாவது கோட்டைப் போட்டார், கொப்பை அவிழ்க்கப் போனார். விரலில் கயிறு மெதுவாகப் பட்டது. மாமா கட்டுவது தேங்காய் நாரால், அது கையைக் குத்தும். இது குத்தவில்லை. விரலைப் பார்த்தார். மஞ்சள் ஒட்டியிருந்தது.

"அண்ணே, இங்க வாங்க."

"என்ன மாப்ளே?"

"கயிறு மஞ்சளா இருக்கு."

"நாரு தீந்து போயிருக்கும். கெடச்சதுல கட்டிருப்பாரு. வா, வெரசா போவோம், இருட்டப் போவுது."

அப்பா நகரவில்லை.  

"இது சூலிக்கு முன்னால போற கொப்புண்ணே. எங்க மாமியா வீட்டுல இப்பிடித்தான் கட்டுவாக. பின்னால செல்லக்கிளி வர்றா."

கண்ணுச்சாமியின் வாயிலிருந்து பீடி விழுந்துவிட்டது. இரண்டு பேரும் கயிறு போகும் திசையைப் பார்த்தார்கள். முதல் தூண் தெரிந்தது. இரண்டாவது தூண் பாதி தெரிந்தது. அதற்கு மேல் பனி.

அப்பா ஓடினார். இரண்டாவது தூண் வரைக்கும் சறுக்கி விழுந்து எழுந்து ஓடி, "செல்லக்கிளீ!" என்று கத்தினார். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறை கத்தினார். தூணில் காதை வைத்துப் பார்த்தார், இரும்பு விண்ணென்று அதிர்ந்தது. காற்றா, மூட்டைக் கனமா, தன் பெண்டாட்டியின் கனமா என்று அந்த அதிர்வில் எப்படிக் கண்டுபிடிப்பது? ரோப் போகும் வழியில் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. மேலேயிருந்து கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் கேட்காது என்பார்கள். அதன்மேல் ஓர் இரும்புத் தொட்டி காற்றில் ஆடுவதை நினைத்துப் பார்த்தார். தூணைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணுச்சாமி வந்து தூக்கினார். "ஓட்டவா? சொல்லு."

அப்பா தொட்டி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். 

அவர் மண்டைக்குள் அப்போது ஓடியதை அவரே எனக்கு நூறு முறை சொல்லியிருக்கிறார். இந்தக் கொப்பு மச்சான் கட்டியதாக இருந்தால்? நார் தீர்ந்துபோய் லயத்தில் யாரிடமோ மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டியிருந்தால்? அப்படியானால் இந்த நிமிஷம் அவர் கை சக்கரத்துக்குள் இருக்கிறது. ஓட்டினால் இந்த முறை விரலோடு நிற்காது. கொப்பு அவர் கட்டாததாக இருந்தால், அவர் வேலை இன்னும் முடியவில்லை, சக்கரத்தைத் தொட்டிருக்க மாட்டார், ஓட்டலாம், ஓட்டியே ஆக வேண்டும். எது என்று சொல்ல வேண்டியது ஒரு மஞ்சள் கயிறு. பலகையில் பதினெட்டுக் கோடு, சீட்டில் இருபத்தாறு. எட்டுக் குறைகிறது. முந்தாநாளும்தான் குறைந்தது. மேலே போய்க் கேட்கவும் பாதை இல்லை.

"மாப்ளே, ராத்திரிக் குளிருக்கு அந்தப் புள்ள தாங்காது."

"தெரியும்ணே."

"அப்ப ஓட்டவா?"

"மச்சான் கைண்ணே..."

"அப்ப வேணாமா?"

"ஐயோ, அவ அந்தரத்துல தொங்குறாண்ணே!"

கண்ணுச்சாமி லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்க பாரு. போன தடவ நீ சொன்னேன்னுதான் ஓட்டுனேன். அந்த ரெண்டு வெரலு எனக்கும்தான் கனவுல வருது. நானா இதத் தொட மாட்டேன். நீ சொல்லு."

ஒரு மணி நேரம் இப்படிப் போனது. ஒரு மணி நேரம். அம்மா அந்தரத்தில். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இவ்வளவு யோசிக்க என்னப்பா இருக்கு?" என்று ஒருமுறை கத்தியே விட்டேன். அவர் தன் இடது கையை விரித்து, மடக்கி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 

ஐந்தேகால் மணிக்கு, கொப்பை மறுபடியும் கையில் எடுத்து முடிச்சைப் பார்த்தார். இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு சின்னச் சுருக்கு. இறுக்கமான முடிச்சு. மாமாவுக்கு இடது கையில் மூன்று விரல்தான். அவர் போடும் முடிச்சு தை மாதத்துக்குப் பிறகு எப்போதும் தொளதொளவென்று இருக்கும். இந்த முடிச்சைப் போட்டது பத்து விரல் உள்ள ஆள்.

"ஓட்டுங்க" என்றார். காற்றுத்தான் வந்தது. கண்ணுச்சாமிக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "ஓட்டுங்கண்ணே!"

எஞ்சின் கிளம்பியது. அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். மூன்று மைலுக்கு அப்பால் மாமா அலறினால் இங்கே கேட்கவா போகிறது? ஆனாலும் பொத்திக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் கழித்து அடுத்த தொட்டி வந்தது. உள்ளே ஏல மூட்டை. கொப்புக்குப் பின்னால் மூட்டை வருகிறது என்றால் கொப்பு பொய். மாமாவின் கை பத்திரம். அப்பா அந்த மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே பத்தொன்பதாவது கோட்டைப் போட்டார்.

ஒரு பயம் போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அடுத்த தொட்டியும் மூட்டை. கோடு. அதற்கடுத்ததும் மூட்டை. கோடு. எங்கே அவள்? ஒருவேளை ஏறவே இல்லையோ? ஏறி, நடுவில்... அதற்கு மேல் நினைக்க மாட்டேன் என்று வாயைக் கையால் மூடிக்கொண்டாராம், நினைப்பு ஏதோ வாய் வழியாக வருவது மாதிரி.

நாலாவது தொட்டி பனியிலிருந்து வெளியே வந்தது. முதலில் சாக்கு தெரிந்தது. சாக்குக்கு நடுவில் ஒரு கை, தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

அம்மா உயிரோடு இருந்தாள். சேலை தொப்பலாக நனைந்திருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. விளிம்பைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது. அப்பா அவளைத் தூக்கி வந்து எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கிடத்தித் தன் வேட்டி துண்டு எல்லாவற்றையும் போர்த்தினார். அரைக்கால் டவுசரோடு நின்றார் என்று கண்ணுச்சாமி பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"நின்னு போச்சு மாமா" என்று அப்பாவிடம் சொன்னாள் அம்மா. "நின்னு போச்சு. ஆடிக்கிட்டே இருந்துச்சு. கீழ ஒண்ணுமே தெரியல. கத்துனேன், எஞ்சத்தமே எனக்குக் கேக்கல."

"நாந்தான் ஆத்தா நிறுத்துனேன். நாந்தான்."

அடுத்த தொட்டி வந்துகொண்டிருந்தது. ரோப் நின்றால் அல்லவா அவர் அம்மா பக்கத்தில் இருக்க? ஓடிப்போய்ப் பிடித்தார், மூட்டையை இறக்கினார், கோடு போட்டார், ஓடிவந்து அம்மாவின் காலைத் தேய்த்தார். மறுபடி ஓடினார். இப்படி மூன்று தொட்டி. அதற்கடுத்ததில் கொப்பு இருந்தது. தேங்காய் நாரில், தொளதொள முடிச்சில் கட்டிய கொப்பு. மாமாவின் கொப்பு.

"நிறுத்துங்க" என்றார். நின்றது.

எல்லாம் முடிந்தது, அம்மாவை வண்டியில் ஏற்றிப் போடிக்குப் போக வேண்டியதுதான் என்று கண்ணுச்சாமி நினைத்தார். அப்பா அந்த மூட்டையையும் இறக்கி, கோடு போட்டு, கரும்பலகைக்கு முன்னாலேயே நின்றார். கோடுகளை எண்ணினார். இன்னொரு முறை விரலை வைத்து எண்ணினார். இருபத்தைந்து. சீட்டை எடுத்து எஞ்சின் விளக்கில் காட்டிப் பார்த்தார். இருபத்தாறு.

ஒன்று குறைகிறது.

"அண்ணே, ஒரு தொட்டி இன்னும் வரல."

"கொப்பு வந்துருச்சேப்பா. நாருக் கொப்பு. நீதான பாத்த?"

"அந்தக் கொப்பும்தான் வந்துச்சு." அப்பா அம்மாவிடம் ஓடினார். "ஆத்தா, சுருளியம்மா உங்கூடக் கெளம்புச்சா? சொல்லு, சுருளியம்மா எங்க?"

அம்மாவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. "பின்னாலயே வர்றேன்னு சொல்லுச்சு..." என்றாள். ஓடைத் தண்ணீர் வடிந்ததும் நடந்து வந்துவிடுகிறேன் என்று கிழவி சொன்னதைத்தான் அவள் சொன்னாள். அப்பாவுக்கு அது போதாதா? அந்தரத்தில் இன்னொருத்தி தொங்குகிறாள். இந்தக் கொப்பும் பொய். இனிமேல் உலகத்தில் எந்தக் கொப்பும் மெய்யில்லை.

"ஓட்டுங்கண்ணே" என்றார். இந்த முறை சத்தம் கணீரென்று வந்தது. "ஒரு ரவுண்டு. முழுசா ஒரே ஒரு ரவுண்டு. எல்லாத் தொட்டியையும் என் கண்ணால பாத்துர்றேன்."

ஒரு மணி நேரம் தவித்துச் சொன்ன சொல் சரியாக அமைந்துவிட்டதே. அதனால் கண்ணுச்சாமியும் இந்த முறை தயங்கவில்லை. லீவரில் கையை வைத்துவிட்டார். மேலே, தன் கொப்பு கீழே போய்ச் சேர்ந்து சக்கரம் நின்றுவிட்டது, தங்கச்சியும் இறங்கியிருப்பாள் என்று நிம்மதியாக, மாமா சக்கரப் பள்ளத்துக்குள் கையை விட்டிருந்தார். மிச்சமிருந்த எட்டு விரலும் உள்ளே.

அம்மா கிடந்த இடத்திலிருந்து பலகை தெரிந்தது. அப்பா எண்ணியதையும், சீட்டைப் பார்த்ததையும், அவர் முகம் போன போக்கையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"மாமா," என்றாள், "என்னைய எண்ணுனீங்களா?"

அப்பா திரும்பினார்.

மூட்டை இறக்கினால்தான் கோடு. அம்மாவை இறக்கியபோது அவர் மூட்டை எதையும் இறக்கவில்லை. இருபத்திரண்டாவது தொட்டிக்குக் கோடே போடவில்லை.

"கையை எடுங்கண்ணே!" என்று அவர் போட்ட கத்தலில் கண்ணுச்சாமி லீவரை விட்டு இரண்டடி பின்னால் போய் விழுந்தார்.

அதன்பிறகு பச்சைக் கொப்பு கிடையாது. ஒரு தகரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி அதைக் கடைசித் தொட்டியில் மாட்டினார்கள். எந்தத் தெய்வத்துக்கும் எந்தப் பேய்க்கும் யாரும் கட்டாத ஒரு சாமானாக இருக்க வேண்டும் என்று மாமாவும் அப்பாவும் ஒரு நாள் முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தது அது. தகரமும் வர வேண்டும், கோடும் சீட்டும் ஒத்துப்போக வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் "நிறுத்து". நான் பரீட்சை புரோகிராமில் எழுதியதும் அவ்வளவுதான், அட்டையும் பார், எண்ணிக்கையும் பார். அம்மாவுக்கு வலி அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டது. நான் மார்கழி கடைசியில் சிலமலையில் ஒழுங்காகப் பிறந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மாவை வண்டியில் ஏற்றிய பிறகு அப்பா மட்டும் ஸ்டேஷனுக்குள் திரும்பி ஓடினாராம். என்னவோ ஏதோ என்று கண்ணுச்சாமியும் பின்னால் போனார். அப்பா இருபத்தாறாவது கோட்டைப் போட்டார். அவசரத்தில் அது கோணலாக விழுந்தது. சற்று நின்று யோசித்து, அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கோட்டைப் போட்டார். அது எனக்கு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்குத் திடீரென்று முகம் வெளுத்துவிட்டது. நாளைக் காலையில் யாராவது எண்ணிப் பார்த்து, இருபத்தேழு வருகிறதே என்று எஞ்சினை ஓட்டிவிட்டால்? எச்சில் தொட்டு அவசர அவசரமாக என்னை அழித்துவிட்டு, சரியாக அழிந்ததா என்று கண்ணுச்சாமியை ஒருமுறை பார்க்கச் சொன்னார்.